உயிர் குடிக்கிற லென்சு

அந்தோணி இன்னும் சாகவில்லை என்பதுதான் சிக்கல். செத்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுப்பதில் தானியேலுக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு. முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை, மார்புக்குக் குறுக்கே ஒரு துண்டு, மோவாய்க்குக் கீழே தெரியாமல் ஒரு நூல். கட்டி முடித்தால் அசைய மாட்டார்கள், இரும மாட்டார்கள், தலைமுடி சரியாக இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். அவனுடைய அப்பாவோ மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தார்.

"பாஷா, துண்ட இன்னும் கொஞ்சம் இறுக்கு. சரியறேன்."

"ஜாஸ்தி இறுக்கினா மூச்சு நின்னுடும் அந்தோணி."

"நிக்கட்டுமே. அதுக்குத்தானே இவ்ளோ பாடு."

மஹபூப் பாஷா சிரித்தார். அப்புறம் சிரித்திருக்கக் கூடாதோ என்று தானியேலைப் பார்த்தார். தோல் பதனிடுகிற ஷாப்பில் அவர் மேஸ்திரி, அந்தோணி அவருக்குக் கீழே சுண்ணாம்புத் தொட்டியில் ஆரம்பித்து ஆவாரம்பட்டைத் தொட்டியில் முடித்தவர். ஆயுசு முழுக்க ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே தோஸ்தாக இருந்தார்கள். நாற்காலிகூட பாஷா ஷாப்பு ஆபீசிலிருந்து தலையில் தூக்கிக்கொண்டு வந்ததுதான். முதலாளி உட்காருகிற நாற்காலி, கைப்பிடியில் சிங்கத்தலை போட்டது.

வீட்டுக்கு முன்னால் இருந்த வெட்டவெளியில், காலை வெயில் சாய்வாக விழுகிற இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டிருந்தார்கள். தெருவே வந்திருந்தது. ஆனால் எல்லாரும் காமிராவுக்குப் பின்னால் நின்றார்கள். லென்சுக்கு எதிரில் ஒரு கோழி போனபோது அடுத்த வீட்டு வள்ளியம்மாள் பதறிப்போய் அதைக் கல்லால் விரட்டினாள்; அவளுடைய கோழி.

தானியேல் லென்சைப் பெட்டியிலிருந்து எடுத்து மரக் காமிராவின் முகத்தில் திருகினான். பித்தளையில் செய்தது, ஒரு சொம்பு கனம் இருக்கும். அந்தோணி பிறப்பதற்கு முன்னால் லண்டனில் யாரோ தேய்த்த கண்ணாடி. ஒரு வெள்ளைக்கார ராணுவ டாக்டரோடு வேலூருக்கு வந்து, அவர் கோட்டைக்குப் பக்கத்துக் கல்லறையில் படுத்த பிறகு ஏலத்தில் தானியேல் கைக்கு வந்தது. அதற்கப்புறம் எத்தனையோ புது லென்சுகள் வந்துவிட்டன; பொத்தானை அழுத்தினால் தானே திறந்து தானே மூடிக்கொள்கிற லென்சுகள். இதற்கு அந்தச் சாமர்த்தியம் எல்லாம் இல்லை. மூடியைக் கையால் கழற்ற வேண்டும், மனசுக்குள் எண்ண வேண்டும், மறுபடியும் மூட வேண்டும். ஆனால் முகத்தை அது எடுக்கிற மாதிரி எதுவும் எடுக்காது. நடுவில் கண்ணும் மூக்கும் கத்தியால் கீறியதுபோல் துல்லியமாக விழும். காதைத் தாண்டினால் சுவர், செடி, ஆள், மாடு எல்லாம் கரைந்து, ராட்டினம் மாதிரி முகத்தைச் சுற்றிச் சுழலும். பார்க்கிறவர்களுக்கு அந்த முகம் ஒன்றுதான் உலகத்தில் நிஜம் என்று தோன்றும்.

"தானி," என்றாள் அக்கா ஆரோக்கியம், அப்பாவின் தலையை வாரிக்கொண்டே. "மூஞ்சிக்குப் பவுடர் போடணுமா?"

"வேணாங்க்கா."

"கைக்கு?"

அவன் அந்தக் கைகளைப் பார்த்தான். படம் விழுகிற அந்தக் காலத்துக் கண்ணாடிப் பிளேட்டுக்கு மஞ்சளும் பழுப்பும் கண்ணில் படாது, படத்தில் கறுப்பாகத்தான் வரும். மஞ்சள் பூசிய பெண்கள் அடுப்புக்கரி பூசியதுபோல் வந்து சண்டை போட்ட கதையெல்லாம் உண்டு. அந்தோணியின் இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி, தோலோடு தோலாகப் பதப்பட்டுப் போனவை. வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் சாயம் விடவில்லை. சிங்கத்தலைகளின் மேல் அவற்றை அவர் கம்பீரமாக வைத்திருந்தார்.

ஒரு மாதமாகவே அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. படுத்தால் முடியவில்லை, உட்கார்ந்தாலும் முடியவில்லை. பங்குச் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். அந்தோணி போகவில்லை. சாமியார் இன்னொரு தரம் வந்து பூசினார். அப்போதும் போகவில்லை. மறுபடியும் கூப்பிட ஆரோக்கியத்துக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில் அந்தோணியே ஒருநாள் சொன்னார்: "என் பையன் வேலூர்ல இன்னா பண்றான்? ஊரார் ஊட்டு கெழவனுக்கெல்லாம் வழி பண்றான், எனக்குப் பண்ண மாட்டானா?"

ஆரோக்கியம் ஆள் அனுப்பினாள். நைனாவுக்கு முடியலை, காமிராப் பெட்டியோட வா. 'பெட்டியோட' என்ற இடத்தில்தான் தானியேல் தயங்கினான்.

ஏன் தயங்கினான் என்பதற்கு, சில வருஷங்களுக்கு முந்திய ஒரு மத்தியானத்துக்குப் போக வேண்டும். வேலூர் லாங் பஜாரில், மாடியில், கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோ. ஒரு டிப்டி கலெக்டரின் சம்சாரம், பட்டும் வைரத்தோடுமாக வந்து உட்கார்ந்திருந்தாள். படியேறி அந்தோணி வந்தார். புதுச் சட்டை. காலணா அகலத்துக்குப் பொத்தான். தோல் வாடை தெரியக் கூடாது என்று பாஷா தன்னுடைய ரோஜா அத்தரை அவர் கழுத்து, அக்குள், காது மடல் எல்லா இடத்திலும் தேய்த்து அனுப்பியிருந்தார். தோல் வாடை தனியாக வந்திருந்தாலும் பரவாயில்லை. அத்தரோடு கைகோத்துக்கொண்டு வந்தது.

அந்த அம்மாள் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். "யாருப்பா அது?"

"துருத்தி தைக்கிற ஆளுங்கம்மா," என்றான் தானியேல்.

பொய்யில்லை. காமிராவின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்க்கிற தோல் துருத்தியை எலி கடித்தபோது, ஆட்டுத்தோலை வெங்காயச் சருகு மாதிரி சீவி, மடிப்பு மடிப்பாகத் தைத்துக் கொடுத்தவர் அந்தோணிதான். அந்தோணி அதைக் கேட்டாரோ இல்லையோ; திரையில் வரைந்திருந்த நீர்வீழ்ச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேராகப் போய், லென்சுக்கு எதிரே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல என்ன எடுத்துடுடா. ரயிலுக்குப் போவணும்."

தானியேல் குனிந்து அவர் காதில் சொன்னான். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்ததுதான். "எழுந்திரு நைனா. இது ரொம்பப் பழைய லென்சு. வயசானவங்களுக்கு ஆவாது. உயிர இழுத்துடும்."

அந்தோணி தேள் கொட்டியதுபோல் எழுந்தார். லென்சின் பார்வையில் படாமல் சுவரோடு சுவராக நகர்ந்து, படிக்கட்டுக்கு வந்ததும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "நல்ல வேள சொன்னே. காசுக்குப் பாக்காம சொன்னே பாரு."

காட்பாடியில் ரயில் ஏறியவர் ஆம்பூரில் இறங்குவதற்குள் பெட்டியில் இருந்த எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அப்பனைக் காப்பாற்றிய பிள்ளை. லென்சைப் பற்றிச் சொன்னால்தான் பிள்ளையைப் பற்றிச் சொல்ல முடியும் என்பதால், பார்த்தவர்களிடமெல்லாம் அந்தோணி லென்சைப் பற்றிச் சொன்னார். பாஷா அதற்குக் கை கால் வைத்தார். ராணிப்பேட்டையில் ஒரு துரையின் கோவேறு கழுதை, மூடியைத் திறந்த மாத்திரத்தில் முன்னங்காலை மடக்கிப் படுத்ததாம். பின்னால் நின்ற தென்னை, படத்தில் விழுந்த பாதி மட்டும் பட்டுப்போனதாம், விழாத பாதி இன்னும் காய்க்கிறதாம். அந்தக் காயில் தேங்காய்ச் சட்னி அரைத்துச் சாப்பிட்டவர்கள் ஆம்பூரில் இருந்தார்கள்.

கதை ஊரைச் சுற்றி வேலூருக்கே வந்தது. வேறு மாதிரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. இழுத்துக்கொண்டு கிடக்கிற பெரியவர்கள் எந்த வீட்டில் இல்லை? முதலில் ஆலங்காயத்திலிருந்து மாட்டுவண்டி அனுப்பிக் கூப்பிட்டார்கள். பெரியவரை எடுத்தான், சாயங்காலம் போய்விட்டார். காலையில் எடுக்காவிட்டாலும் சாயங்காலம் போயிருப்பார். அது தானியேலுக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாது. கணியம்பாடியில் ஒரு மிராசுதார், படம் எடுத்து முடித்ததும் எழுந்து உட்கார்ந்து கூழ் கேட்டார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, "வெளிச்சம் கம்மி" என்று சொல்லித் தப்பித்து வந்தான். லென்சு உயிரை இழுக்கும் என்று அவன் எங்கேயும் சொல்லவில்லை. இழுக்காது என்றும் சொல்லவில்லை.

இப்போது அந்த லென்சுக்கு எதிரில் அந்தோணி துண்டால் கட்டுண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிடா," என்றார். "வெய்யில் நல்லா இருக்கறப்பவே."

உண்மையைச் சொல்வதானால் ஒரு நிமிஷ வேலை. நைனா, அது சும்மா சொன்னது. அடுத்த கேள்வி வரும்: எதுக்குச் சொன்னே? அதற்கு, உன் மேல் வாடை அடித்தது, அந்த அம்மாள் மூக்கைப் பிடித்தாள், நீ என் அப்பன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று தெருவுக்கு நடுவில், பாஷாவுக்கும் அக்காவுக்கும் கோழிக்காரிக்கும் முன்னால் சொல்ல வேண்டும். தானியேல் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டான். ஒளிந்துகொள்ளத் தொழிலே இடம் கொடுத்திருந்தது.

காமிராவின் பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் அந்தோணி தலைகீழாகத் தொங்கினார். துருத்தியை முன்னும் பின்னும் நகர்த்தினான். மங்கல் விலகி முகம் வந்தது. முள் முள்ளாக வெள்ளைத் தாடி, அதற்குள் ஒரு பழைய கத்தி வெட்டு, கீழிமையில் வெயில். சுற்றிலும் வீட்டுச் சுவர், கொடியில் காயப்போட்டிருந்த சேலை எல்லாம் கரைந்து சுழன்றன. சீப்போடு இன்னும் பக்கத்தில் நின்ற அக்கா ஒரு மஞ்சள் மேகம். நடுவில் அப்பா மட்டும். கழுத்தெலும்புக் குழியில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவரை இப்படி நின்று பார்த்ததில்லை. நிமிர்ந்து பார்க்க வேண்டியவரைத் தலைகீழாகத்தான் பார்க்க வாய்த்தது.

துணிக்கு வெளியே வந்து லென்சை மூடினான். பிளேட் இருக்கிற மரச்சட்டத்தைக் காமிராவின் முதுகில் சொருகினான். அடுத்து, பிளேட்டை மறைத்திருக்கிற மெல்லிய தகட்டை மேலே உருவ வேண்டும். அதை உருவாமல் லென்சின் மூடியைத் திறந்தால் வெளிச்சம் தகட்டில் முட்டி நின்றுவிடும், படம் விழாது. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு அது.

தான் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரியும். எந்த நாற்காலிக்குப் பக்கத்தில், எந்தக் கர்ச்சீப்பைப் பார்த்துச் சொன்னான் என்பது வரைக்கும் தெரியும். ஆலங்காயத்திலும் கணியம்பாடியிலும் கை கூசாமல் தகட்டை உருவியவன்தான். ஆனால் விரல் இப்போது தகட்டைத் தொட்டபடி நின்றது. ஒருவேளை, என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான், ஒருவேளை.

தகட்டை உருவாமலே முன்பக்கம் வந்து மூடியைக் கழற்றினான்.

"அசையாத நைனா."

அந்தோணி அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டார். இருமலை எங்கேயோ அமுக்கி வைத்தார். லென்சை நேராக, பயமில்லாமல், வெகுநாளாக வரச் சொல்லி வராத விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தானியேல் உதட்டை அசைத்து எண்ணினான். மூடினான்.

பாஷா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. அப்புறமும் எதுவும் நடக்கவில்லை. லென்சை மூடியதும் கண்களை மூடிக்கொண்டிருந்த அந்தோணி, ஒன்றை மட்டும் திறந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது நைனா."

"நான் இன்னும் இருக்கேனேடா."

அமுக்கி வைத்திருந்த இருமல் எல்லாம் சேர்ந்து இப்போது வந்தது. ஓய்ந்ததும், "மூடியத் தொறந்தியா?" என்று கேட்டார்.

"தொறந்தேன்."

"சரியா தொறந்தியா?"

"அரே, நான் பாத்தேன் அந்தோணி," என்றார் பாஷா. "நல்லாதான் தொறந்தான். வெளிச்சம் கம்மியா இருக்கும்."

வெயில் எல்லார் மண்டையையும் பிளந்துகொண்டிருந்தது. அந்தோணி தலையை ஆட்டினார். மகனைக் கிட்டே வரச் சொல்லி, பழுப்புக் கையால் அவன் கன்னத்தைத் தட்டினார். "பேஜார் படாத. அதுக்கும் தெரியும்டா, யாரு அப்பன்னு. அதான் இழுக்கல."

தானியேல் துண்டின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்துகொண்டான். முடிச்சு இறுக்கமாக இருந்தது. ரொம்ப நேரம் பிடித்தது.

கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ஆரோக்கியம் சுக்குத்தண்ணி போடப் போனாள். தானியேல் கட்டில் சட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்தான். வீட்டுக்குள் யாரும் இல்லை. இப்போது சொல்லிவிடலாம்.

"நைனா. அன்னிக்கு ஸ்டூடியோல..."

"ஆமாடா." அந்தோணிக்கு முகம் மலர்ந்தது. "நானும் அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். அந்த கலெக்டர் ஊட்டம்மா. எவ்ளோ பெரிய எடம். என்னப் பாத்ததும் துணிய எடுத்து மூஞ்சில வச்சிக்கிச்சே, அழுதுது பாவம். நான் அந்த நாற்காலில போயி குந்தறத பாத்துட்டு."

தானியேல் அவர் முகத்தையே பார்த்தான். அதில் கேலி இருக்கிறதா என்று தேடினான். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ எதுவோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுல்ல நைனா. சுக்குத்தண்ணி வருது. குடி."

"அப்பறம் குடிக்கறேன். பாஷா நாற்காலிய எடுத்துக்கினு போய்ட்டானா? மொதலாளி வந்தா குந்த வேணும்."

"இப்பத்தான் தூக்கறாரு."

"சிங்கத்த எங்கியாவது இடிச்சுடப் போறான்," என்றார் அந்தோணி. அதற்குமேல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்தது அப்படியே இருந்தது. ஆரோக்கியம் டம்ளரோடு உள்ளே வந்து, "ஆறிடப் போவுது, குடிக்கச் சொல்லுடா," என்றாள். தானியேல் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான்.

நாற்காலி தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

அந்தோணி செத்ததற்கு அன்று ஆம்பூரில் அழுதவர்களைவிட அதிசயப்பட்டவர்கள் அதிகம். கொஞ்சம் தாமதமாக வேலை செய்தாலும் செய்துவிட்டது என்றார்கள். பெற்ற பிள்ளை கையால் எடுத்ததால்தான் வலிக்காமல் இழுத்தது என்றார்கள். காமிராவை முக்காலியோடு சுவரில் சாய்த்து வைத்திருந்த பக்கம் ஒருத்தரும் போகவில்லை. எச்சில் துப்பக்கூடத் திரும்பவில்லை. தண்ணீர் சேந்த வந்த வள்ளியம்மாள், தானியேலைக் கிணற்றடியில் தனியாகப் பிடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, உங்க துக்கம் எல்லாம் முடிஞ்சப்பறம் எங்க மாமியாள ஒருவாட்டி பாக்கறியா? ரொம்ப நாளா கஷ்டப்படுது," என்றாள். பிறகு இன்னும் குரலைத் தாழ்த்தி, "எனக்குத்தான் கஷ்டம்," என்றாள்.

அவன் வாளியைக் கிணற்றுக்குள் விட்டான். அது தண்ணீரைத் தொட்ட பிறகும் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலையில் குளிப்பாட்டி, அன்று ஸ்டூடியோவுக்குப் போட்டுக்கொண்டு வந்த அதே சட்டையைப் போட்டு, பாஷா நாற்காலியை முற்றத்தில் வைத்தார். "தம்பி, எல்லாரையும் நிக்க வச்சு ஒண்ணு எடுத்துடு. உங்க பழக்கம்தானே."

தானியேல் அதற்காகத்தான் விடியலிலிருந்து காத்துக்கொண்டிருந்தான். கண் மூடியிருந்தாலும் முகம் முகம்தான். ஓடிப்போய் இன்னொரு சட்டத்தை எடுத்தான், லென்சைத் துடைத்தான், புது பிளேட் போடுவதற்கு முன்னால் தகட்டை இழுத்து இழுத்துப் பார்த்தான். தங்கு தடையில்லாமல் வந்தது. ஆரோக்கியம் உள்ளேயிருந்து வந்து நாற்காலிக்குக் குறுக்கே நின்றாள்.

"வேணாம்."

"ஏங்க்கா?"

"அதான் நேத்து எடுத்தியே. உசுரோட."

"இதுவும் ஒண்ணு இருக்கட்டும்."

"எதுக்கு? கண்ணு மூடி, வாயக் கட்டி... நம்ம அம்மாவ அப்பிடி எடுக்கலன்னு நான் ஒருநாளும் அழுததில்ல. நேத்து அவுரு எப்பிடிப் பாத்தாரு! ராஜா மாரி. அந்த ஒண்ணு போதும் எனக்கு. அத சுவத்துல மாட்டி தெனம் பாத்துக்குவேன்."

"அக்கா, நேத்து வெளிச்சம்..."

"வெளிச்சத்துக்கு இன்னாடா? கண்ணெல்லாம் கூசிச்சு." பிறகு அவனைக் கூர்ந்து பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னாள். "எனக்குத் தெரியுது. உன்னால முடியாது. செத்த அப்பன எந்தப் புள்ளயால கட்டி வச்சு எடுக்க முடியும்? விடு."

வாசலில் கோயில் ஆட்கள் சவப்பெட்டியோடு வந்துவிட்டார்கள். பாஷா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, இந்தத் தடவை உண்மையாகவே, தெருமுனையைத் திரும்பினார். நேற்று படம் விழவில்லை என்கிற வாக்கியம் தானியேல் வாயில் முழுசாகத் தயாராக இருந்தது. பெட்டி மூடுகிற வரைக்கும் இருந்தது. ஆணி அடிக்கிற சத்தம் கேட்ட பிறகு அதைச் சொல்வதில் யாருக்கும் உபயோகம் இல்லை.

கல்லறையிலிருந்து திரும்பியதும் ஆரோக்கியம் கையைக் காலைக் கழுவிவிட்டு நேராக அவனிடம் வந்தாள்.

"படத்த இங்கியே கழுவிடு. வேலூருக்கு எடுத்துக்கினு போனா ரயில்ல ஒடஞ்சிடும்."

"மருந்து சரியா இருக்காதுக்கா."

"பெட்டில மருந்து பாட்டிலு இருக்குது. நான் பாத்தேன்."

பின்கட்டில் விறகு வைக்கிற அறை. சாக்கைத் தொங்கவிட்டு ஜன்னலை அடைத்துக் கொடுத்தது ஆரோக்கியம்தான். கிண்ணங்களும் அவளே கழுவி வைத்தாள். அவன் கதவைச் சாத்திச் சிவப்பு விளக்கை ஏற்றினான். வெளியே அவள் கதவில் சாய்ந்து உட்கார்கிற ஓசை கேட்டது.

நேற்றைய சட்டத்தில், தகட்டுக்குப் பின்னால் இருந்த பிளேட்டை எடுத்தான். பால் நிறம். மருந்தில் போட்டு ஆட்டினான். பிளேட்டில் கறுப்பும் வெள்ளையும் மாறித்தான் விழும்; நல்ல படமானால் முதலில் வெள்ளைத் தாடி கறுப்பாக எழும்பும். அப்புறம் நெற்றி, அப்புறம் சட்டை. கைகள் கடைசிவரைக்கும் வராமலே இருக்கும். ஆட்டிக்கொண்டே இருந்தான். பால் பாலாகவே இருந்தது.

"வருதாடா?" என்றாள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"இரு."

"கண்ணு தெரியுதா?"

"இருங்க்கா."

வெளிச்சம் படாத பூச்சைக் கரைத்தெடுக்கிற ஹைப்போவில் போட்டான். பால் ஓரங்களிலிருந்து கரைய ஆரம்பித்தது. கரைந்து கரைந்து, கடைசியில் நடுவிலும் ஒன்றுமில்லாமல் போனது. தண்ணீரில் அலசிக் கையில் எடுத்தான். சுத்தமான கண்ணாடி. இவ்வளவு சுத்தமாக ஒரு பிளேட்டை அவன் தொழிலில் கழுவியதில்லை.

கை தவறிவிட்டது என்றால் போதும். ஈரக் கண்ணாடி வழுக்கும். தரை கருங்கல். உடைந்த சத்தம் கேட்டதும் அவளே ஓடிவந்து, போனால் போகிறது என்று அவனுக்குத்தான் ஆறுதல் சொல்வாள். ஊரும் அதற்கு ஒரு கதை கட்டிக்கொள்ளும்: போன உயிரைக் கண்ணாடி தாங்கவில்லை, வெடித்துவிட்டது. பாஷா கட்டுவார், நன்றாகவே கட்டுவார். தானியேல் பிளேட்டை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, கருங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு கதவைத் திறந்தான்.

ஆரோக்கியம் எழுந்து நின்று, கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சாமியாரிடம் மந்திரித்த செபமாலையை வாங்குகிறவள் மாதிரி இரண்டு கையையும் நீட்டினாள். அவன் கொடுத்தான். அவள் குனிந்து பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"காயணுமாடா?"

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டான்.

அவள் வெளிச்சத்துக்காக முற்றத்துக்கு இறங்கி, கண்ணாடியை முகத்துக்கு நேராக உயர்த்தினாள். வெயில் அதற்குள் நுழைந்து அவள் கழுத்தில் விழுந்தது. கண்ணாடிக்கு மறுபக்கம், விறகறை வாசலில், தானியேல் அசையாமல் நின்றான். ஒரு சொட்டுத் தண்ணீர் மேலிருந்து இறங்கி வந்து நடுவில், அவளுக்கு அவன் முகம் தெரிகிற இடத்தில், நின்றது. ஆரோக்கியம் முந்தானை நுனியால் அதை மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டு, மறுபடியும் பார்த்தாள்.